விலைப்பட்டியலுக்குப் பின்னால்: சர்வர் நிரலின் உதவிச் செயற்கூறுகளும் சிவகாசிச் சந்தையும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுக் கடைகளின் இணையதளங்களில் புது விலைப்பட்டியல் ஏறிவிடும். பார்வைக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு: வரிசை எண், சரக்கின் பெயர், பெட்டிக்கு எத்தனை, பட்டியல் விலை, தள்ளுபடி போக விலை, எண்ணிக்கை எழுத ஒரு கட்டம், அடியில் மொத்தம். கட்டங்களை நிரப்பி, பெயரும் கைபேசி எண்ணும் ஊரும் கொடுத்து அனுப்பினால் கடையிலிருந்து அழைப்பு வரும். இத்தனை எளிய தளத்துக்குப் பின்னாலும் சர்வரில் பல சின்னஞ்சிறு செயற்கூறுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொகைக்குக் கமா போட ஒன்று, கைபேசி எண்ணைச் சீராக்க ஒன்று, நீளமான பெயரை வெட்ட ஒன்று, வரியைப் பிரிக்க ஒன்று, நாளைக் கணிக்க ஒன்று. நிரலர்கள் இவற்றை ‘யூட்டில்ஸ்’ என்று ஒரு கோப்பில் போட்டுவிட்டு, அடுத்த பெரிய வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

தளம் தவறுவது பெரும்பாலும் இந்தக் கோப்பில்தான். தரவுத்தளத்தையும் சட்டகத்தையும் தேர்வு செய்யப் பல நாள் விவாதிக்கும் குழு, ரூபாயை முழுமையாக்கும் மூன்று வரியைப் பற்றி ஒரு நிமிடமும் பேசுவதில்லை. உலகம் முழுமைக்கும் எழுதப்பட்ட நூலகங்கள் இயந்திரத்தனமான வேலையை நன்றாகவே செய்து தருகின்றன. நம் எழுத்தும் பெயரும் வரியும் சட்டமும் அவற்றுக்குத் தெரியாது. அந்த அறிவை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். அதை எழுத வேண்டிய இடம் உதவிச் செயற்கூறுதான். இந்தக் கட்டுரை சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்துத் தேவைகளை வைத்துக்கொண்டு அந்த முழுக் கேள்வியையும் பார்க்க முயல்கிறது.

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் சர்வர் நிரலாக்கமே உதவிச் செயற்கூறுகளிலிருந்துதான் வளர்ந்திருக்கிறது. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பிஎச்பி மொழி, தொடக்கத்தில் அவருடைய சொந்தப் பக்கத்துக்கு யார் வந்துபோனார்கள் என்று கணக்கெடுக்க எழுதிய சிறு கருவிகளின் தொகுப்புதான். பெர்ல் மொழி உலகில் லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ.பிஎம் நூலகம் ஒரு தலைமுறை நிரலர்களுக்குப் படிவம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. 2015-இல் வந்த பெர்ல் 5.22 அதை அடிப்படைத் தொகுப்பிலிருந்து நீக்கியது. அதற்குள் அதன் வேலையைச் சட்டகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

பிஎச்பி அந்தத் தொடக்கத்தின் தழும்புகளை இன்னும் சுமக்கிறது. ஒரு பட்டியலுக்குள் ஒரு பொருளைத் தேடும் செயற்கூறில் தேடப்படுவது முதலில் வரும். ஒரு சரத்துக்குள் இன்னொரு சரத்தைத் தேடுவதில் அது இரண்டாவதாக வரும். அந்த இரண்டாவது செயற்கூறு, தேடிய சொல் தொடக்கத்திலேயே இருந்தால் சுழியைத் திருப்பித் தரும். கவனிக்காத நிரல் அந்தச் சுழியை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் நேரடிச் செயற்கூறு 2020-இல், எட்டாம் பதிப்பில்தான் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் உலகெங்கும் நிரலர்கள் அந்த ஒரு வரியைத் தாங்களே எழுதி, அவ்வப்போது தவறாகவும் எழுதி வந்திருக்கிறார்கள்.

தமிழுக்கு வருவோம். ‘சிவகாசி’ என்ற பெயரில் எத்தனை எழுத்து என்று ஒரு பிள்ளையைக் கேட்டால் நான்கு என்று சொல்லும். பிஎச்பியின் பழைய நீளச் செயற்கூறு 21 என்கிறது. அது பைட்டுகளை எண்ணுகிறது, யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. பன்மொழிகளுக்கென்று வந்த அடுத்த செயற்கூறு 7 என்கிறது. அது யூனிகோடு குறிகளை எண்ணுகிறது, ‘சி’ என்பதில் சகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. கண்ணுக்குத் தெரியும் எழுத்துத் தொகுதியை எண்ணும் மூன்றாவது செயற்கூறுதான் 4 என்று சரியாகச் சொல்கிறது. மூன்றும் ஒரே மொழியில், ஒரே சர்வரில் கிடைக்கின்றன. எதை அழைப்பது என்று தெரியாதவர் முதலாவதை அழைக்கிறார். பெயருக்கு 30 எழுத்து வரை இடம் உண்டு என்று படிவம் சொல்லும். ‘விருதுநகர்’ என்ற ஆறெழுத்துச் சொல்லே அந்த முப்பதையும் தின்றுவிடும்.

வெட்டும்போது நிலைமை இன்னும் மோசம். பைட்டுக் கணக்கில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரம் வந்து நிற்கும். குறிக் கணக்கில் ஆறுக்கு வெட்டினால் ‘சிவகாச’ என்று அச்சாகும். தலைப்பெழுத்து எடுக்கும் செயற்கூறும் இதே குழியில்தான் விழுகிறது: தந்தை பெயர் சிவசாமி என்றால் ‘சி.’ என்று வரவேண்டியது ‘ச.’ என்று வருகிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் இறக்குமதிப் படிவங்கள் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நாட்டுக்குப் பொருந்தாதவை. ஒரே கட்டம் போதும்; அதில் வாடிக்கையாளர் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

சிவகாசித் தளங்கள் எல்லாவற்றுக்கும் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கடைப் பெயர்கள் பலவற்றுக்கு முன்னால் ‘ஸ்ரீ’ இருக்கும். இந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஸகரத்தை வைத்து எழுதுவது பழைய வழி. 2005-இல் ஶகரம் தனிக் குறியாகச் சேர்க்கப்பட்ட பின் அதை வைத்து எழுதுவது முறையான வழி. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டும். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு. ஒரு விசைப்பலகையில் தட்டிய கடைப்பெயரை இன்னொரு விசைப்பலகையில் தட்டித் தேடினால் ‘அப்படி ஒரு கடை இல்லை’ என்று பதில் வரும். ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு கணக்கு உருவாகும். யூனிகோடின் பொது இயல்பாக்கம் இதைத் தீர்க்காது. கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டிய ‘கொ’வை ஒரே குறியிட்ட ‘கொ’வோடு அது சேர்த்துவைக்கும்; ஸ்ரீயை விட்டுவிடும். ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டும் வழக்கத்தையும் அது அறியாது. இவற்றை ஒன்றாக்கும் செயற்கூறைத் தமிழ் அறிந்தவர்தான் எழுதமுடியும்.

க்ஷகரம் இன்னொன்று. எழுத்துத் தொகுதியை எண்ணும் அந்த நல்ல செயற்கூறும் ‘லக்ஷ்மி’யில் நான்கு எழுத்து இருப்பதாகத்தான் சொல்லும், க் தனி, ஷ் தனி என்று பிரித்துவிடும். லக்ஷ்மி வெடி பட்டியலின் நிரந்தர உறுப்பினர். அதையே ‘லட்சுமி’ என்றும் ‘லெட்சுமி’ என்றும் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தட்டியும் தேடுவார்கள். காட்டுவதற்கு ஒரு வடிவம், தேடுவதற்கு ஒரு சாவி என்று பிரித்து வைத்து, சாவியை உருவாக்கும் செயற்கூறில் இந்த மாற்று வடிவங்களைச் சேர்ப்பதே சரியான வழி. புஸ்வாணம், பிஜிலி, சாட்டை, கம்பி மத்தாப்பு ஒவ்வொன்றுக்கும் இப்படி இரண்டு மூன்று எழுத்துமுறை உண்டு.

அகரவரிசைக்கும் இதே கதிதான். யூனிகோடு குறி எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்துவிடும். ஊர்ப் பட்டியலில் அருப்புக்கோட்டைக்கு முன்னால் அனுப்பன்குளம் நிற்கும். நம் மரபில் னகரம் மெய்களில் கடைசி. அருப்புக்கோட்டைதான் முதலில் வரவேண்டும். புள்ளி வைத்த எழுத்தும் உயிர்மெய்க்குப் பின்னால் தள்ளப்படுவதால் ‘கமுதி’க்குப் பிறகு ‘கம்பி’ வரும். இதற்கு நாமாக எதுவும் எழுத வேண்டியதில்லை; ஐசியு என்ற பன்மொழி நூலகத்தின் தமிழ் வரிசைமுறை பிஎச்பியிலும் ஜாவாவிலும் நோடிலும் ஏற்கெனவே கிடைக்கிறது. மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டு அழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு குறிப்பைக் கொடுக்காமல் விட்ட தளங்கள் எத்தனையோ.

அச்சுத் தொழில் நிறைந்த சிவகாசிக்குப் பழைய குறியாக்கங்களின் சுமையும் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்கள் தரமாகின. இணையத்தில் டிஸ்கி புழங்கியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன் வடிவமைத்த லேபிளும் நாட்காட்டியும் விலைப்பட்டியலும் இன்னும் அந்தந்த எழுத்துருவிலேயே கிடக்கும். அவற்றிலிருந்து சரக்குப் பெயரை இணையதளத்துக்குக் கொண்டுவர மாற்றி தேவை. இங்கே கைகொடுப்பது ஓப்பன்-தமிழ். ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் பைத்தான் நூலகம் அது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பது, பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது, எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்குவது எல்லாம் அதில் உண்டு. சம்பளம் வாங்காமல் செய்த இந்த வேலைக்குத் தமிழ் நிரலுலகம் பட்ட கடன் பெரிது.

எண்ணைச் சொல்லாக்குவது எளிது என்று நினைப்பவர் 1,900 ரூபாயை ரசீதில் எழுதிப் பார்க்கட்டும். ஆயிரம் ‘ஆயிரத்து’ ஆகவேண்டும், தொள்ளாயிரம் எண்ணூற்றின் வாய்பாட்டுக்கு அடங்காது. ஆங்கில நிரலை எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றினால் ‘ஆயிரம் ஒன்பது நூறு’ என்றுதான் அச்சாகும்.

பணக் கணக்கில் பிழைக்கு இடமே இல்லை. முதல் விதி, ரூபாயை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்கக் கூடாது. கணினியின் மிதவைக் கணக்கில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 துல்லியமாக வராது. ஜாவாஸ்கிரிப்டில் 1.005-ஐ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொன்னால் 1.00 என்கிறது. எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக்க வேண்டும். இரண்டாவது, எந்த இடத்தில் முழுமையாக்குவது என்பது. 137 ரூபாய் சரக்குக்கு 65 விழுக்காடு தள்ளுபடி போனால் 47 ரூபாய் 95 பைசா. இருபது பெட்டி வாங்கினால் 959 ரூபாய். பெட்டி விலையை முதலில் 48 ஆக்கிவிட்டுப் பெருக்கினால் 960. விலைப்பட்டியல் ஒன்று சொல்ல, ரசீது இன்னொன்று சொல்ல, தொலைபேசியில் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறையில் எதுவும் தவறில்லை. இரண்டையும் ஒரே தளத்தில் வைத்திருப்பதே தவறு. முழுமையாக்கும் முடிவு ஒரே செயற்கூறில் இருக்கவேண்டும், பட்டியலும் ரசீதும் அதையே அழைக்கவேண்டும்.

கமா சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லவேண்டும். பிஎச்பியின் எண் வடிவமைப்பி ஒன்றேகால் இலட்சத்தை 125,000 என்று எழுதும். நம் சந்தையில் அது 1,25,000. இந்திய முறை பல நிரல்மொழிகளின் நூலகங்களிலும் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும்.

வரிக்கு வருவோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பட்டாசுக்கு 28 விழுக்காடு. அதே ஆண்டு நவம்பரில் 18 ஆனது. அந்த நான்கு மாதத்துக்குள் எத்தனை நிரல்களில் எத்தனை இடத்தில் 28 என்ற எண்ணைத் தேடி அழித்திருப்பார்கள்! அழித்த பிறகு பழைய ரசீதை மறுபடி அச்சிட்டால் புது விகிதத்தில் வந்திருக்கும். வரி விகிதம் தேதியோடு சேர்ந்தது. ‘இந்தச் சரக்குக்கு இந்தத் தேதியில் என்ன விகிதம்’ என்று கேட்டால் சொல்லும் ஒரு செயற்கூறும், அதன் பின்னால் ஓர் அட்டவணையும் இருந்தால் போதும். வாங்குபவர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் 18-ஐ ஒன்பது ஒன்பதாக மத்திய, மாநில வரியாகப் பிரிக்கவேண்டும். வெளிமாநிலம் என்றால் முழுதும் ஒருங்கிணைந்த வரி. வியாபாரியின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறி, நமக்கு 33. பதினைந்தாவது எழுத்து சோதனை எழுத்து. முந்தைய பதினான்கிலிருந்து அதைக் கணக்கிட்டுவிடலாம். பத்துப் பதினைந்து வரியில் எழுதக்கூடிய அந்தச் சோதனை இருந்தால், தட்டச்சுப் பிழையுள்ள எண் படிவத்திலேயே நின்றுவிடும். கணக்குத் தாக்கல் செய்யும் நாளில் வந்து இடிக்காது.

விருதுநகர்ச் சந்தை இன்னொரு பாடம் தருகிறது. அங்கே எண்ணெய் 15 கிலோ டின் கணக்கிலும் பருப்பு மூட்டைக் கணக்கிலும் விலை பேசப்படும். கிலோவை லிட்டராக்கும் பொதுச் செயற்கூறு எழுதினால் அது எண்ணெய்க்குப் பொய்த்துப்போகும். கடலை எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் அளவுக்கு இருக்கும். அலகு மாற்றும் செயற்கூறு சரக்கையும் கேட்டாகவேண்டும். பட்டாசுக்கும் அப்படியே: ஒரு பெட்டி என்பது ஒரு சரக்குக்குப் பத்து, இன்னொன்றுக்கு ஐந்து.

காலத்தையும் நாம் அலட்சியப்படுத்துகிறோம். சர்வர் பொதுவாக உலகப் பொது நேரத்தில் ஓடும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் வரும் விசாரணைகள் முந்தைய நாள் கணக்கில் விழும். தீபாவளி வாரத்தில் இரவெல்லாம் விசாரணை வந்துகொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் சிறிதல்ல. தேதியைச் சேமிப்பது பொது நேரத்தில், நாளைக் கணிப்பது இந்திய நேரத்தில் என்று இரண்டையும் ஒரே இடத்தில் வகுத்துவிட வேண்டும். தீபாவளி எந்த நாள் என்பதையும் கணக்குப் போட முயலக் கூடாது. நமக்கு நரக சதுர்த்தசி, வடக்கே லட்சுமி பூசை. சில ஆண்டுகளில் இரண்டும் வெவ்வேறு நாளில் விழும். பஞ்சாங்கத்தைப் பார்த்து அட்டவணையில் எழுதிவிடுவதே நல்லது.

இனி, இந்தத் தொழிலில் யாரும் தாண்டிப்போக முடியாத சட்டம். 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளையும் பசுமைப் பட்டாசுகளையும் மட்டும் அனுமதித்தது. பேரியம் உப்புகளுக்கும், சேர்த்துக் கட்டிய சரவெடிக்கும் தடை விதித்தது. ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு இணையவழி ஆர்டர் வாங்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றது. 2021 அக்டோபர் 29 அன்று தடைசெய்த பொருள்களைப் பற்றி மறுபடியும் கண்டிப்போடு சொன்னது. மாநிலங்கள் தத்தம் பங்குக்கு நேரக் கட்டுப்பாடுகளும் போடுகின்றன.

ஆக, வேறு கடைக்கு எழுதிய வணிகத் தள நிரலை அப்படியே கொண்டுவந்து சிவகாசிக் கடைக்குப் பொருத்துவது நிரலரின் பொறுப்பின்மை. பணம் வாங்கும் வாசல் அதில் தயாராக இருக்கும். இங்கே அது திறக்கக் கூடாத வாசல். இந்தச் சரக்கைக் காட்டலாமா, இந்த மாநிலத்துக்கு விசாரணை ஏற்கலாமா என்பதைச் சொல்லும் செயற்கூறு ஒன்றே இருக்கவேண்டும். அதன் விதிகள் தேதியோடு அட்டவணையில் இருக்கவேண்டும். வழக்கறிஞர் ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சரிபார்க்கும்படி அது எழுதப்பட வேண்டும். பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும் நிபந்தனைகளை எந்த வழக்கறிஞரும் சரிபார்க்க முடியாது. வெடிமருந்தைக் கையாளும் ஊரில் விதி என்பது உயிர்ப் பிரச்சினை என்று தனியே சொல்லவும் வேண்டுமா?

பாதுகாப்பைப் பொறுத்தவரை என் முடிவு வேறு மாதிரி: இங்கே நாமாக எதையும் எழுதக் கூடாது. பிஎச்பி ஒரு காலத்தில் உள்ளே வரும் தரவுக்கெல்லாம் தானாகவே பின்சாய்கோடு சேர்த்துக்கொண்டிருந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், பெயர்களைக் கெடுத்தது, பாதுகாப்பும் தரவில்லை, 2012-இல் 5.4 பதிப்பில் நீக்கப்பட்டது. அதிலிருந்து உலகம் கற்றது, தரவை உள்ளே வரும்போது சிதைக்கக் கூடாது, வெளியே போகும்போது போகும் இடத்துக்கு ஏற்பக் காக்கவேண்டும் என்பது. வாடிக்கையாளர் பெயர்க் கட்டத்தில் யாராவது நிரல் துண்டை எழுதி அனுப்பினால் அது கடைக்காரரின் நிர்வாகப் பக்கத்தில் ஓடிவிடக் கூடாது. அதற்கான செயற்கூறு மொழியிலேயே இருக்கிறது. தரவுத்தளத்துக்கு முன்தயாரித்த வினவல் இருக்கிறது. கடவுச்சொல்லுக்கு 2013 முதல் பிஎச்பியிலேயே தரமான செயற்கூறு இருக்கிறது. இருந்தும் எம்டி5 என்ற பலவீனமான பழைய முறையைப் போட்டு வைக்கும் தளங்கள் இன்னும் ஓடுகின்றன.

சிவகாசித் தளங்களைப் போன்றவற்றில் மிகச் சாதாரணமாக நேரக்கூடிய பிழை விசாரணை எண். முகவரியில் 1001 என்று இருந்தால் 1002 என்று மாற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றும். அடுத்தவரின் பெயரும் எண்ணும் ஊரும் திறந்துவிடும். பகிரும் இணைப்புக்கு ஊகிக்க முடியாத தற்செயல் எண் வேண்டும், அதையும் மொழியின் பாதுகாப்பான செயற்கூறிலிருந்தே எடுக்கவேண்டும். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடையையும் மனத்தில் வைத்துத்தான் பேசுகிறது.

வெளியிலிருந்து எதை வாங்கலாம், எதை நாமே எழுதலாம் என்ற கேள்விக்கு 2016 மார்ச் 22 நல்ல பாடம். சரத்தின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினோரு வரி நூலகத்தை அதன் ஆசிரியர் அஸர் கோச்சுலு, பெயருரிமைத் தகராறு ஒன்றில் மனம் கசந்து, ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதைத் தெரியாமலே சார்ந்திருந்த பெரிய பெரிய திட்டங்கள் உலகெங்கும் கட்டமைக்க முடியாமல் நின்றன. 2018-இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் நூலகத்தின் பராமரிப்பை ஏற்றவர் அதற்குள் திருட்டு நிரலை நுழைத்தார். நன்கு பராமரிக்கப்படும் லோடாஷ் நூலகத்திலும் 2019-இல் கடும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. எனவே பதினோரு வரிக்காக அந்நியரை வீட்டுக்குள் விடவேண்டாம். குறியாக்கம், கடவுச்சொல், நேரமண்டலம் போன்ற ஆழமானவற்றை உலகம் சோதித்த நூலகங்களிடமே விடுவோம். தமிழும் வரியும் சட்டமும் நம் கையில் இருக்கட்டும்.

நம் கையில் இருப்பதற்குச் சோதனை கட்டாயம். சோதனைத் தரவை ஆங்கிலப் பெயர்களில் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துபோகக் கூடாது. ஸ்ரீயின் இரு வடிவமும், லக்ஷ்மியும், அனுப்பன்குளமும், 47.95-உம், நள்ளிரவு தாண்டிய விசாரணையும், பழைய வரித் தேதியும் சோதனையில் நிரந்தரமாக இருக்கவேண்டும். ‘யூட்டில்ஸ்’ என்ற ஒரே கோப்பையும் கலைத்துவிடலாம்: எழுத்து, பணம், வரி, நாள், சட்டம் என்று பிரித்தால் அடுத்து வருபவருக்கு எது எங்கே என்று தெரியும்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுப்புது நிரலர்கள் இதே செயற்கூறுகளை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெப்கோ ஷ்லெங், காமராஜ், கலசலிங்கம் என்று மாவட்டத்திலும் அதை ஒட்டியும் பொறியியல் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, ஸ்ரீயையும் ஔகாரத்தையும் க்ஷகரத்தையும் சீராக்கும் செயற்கூறு ஒன்றைப் பிஎச்பியிலும் நோடிலும் சோதனைகளோடு எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள். ஓப்பன்-தமிழைத் திறந்து எது இருக்கிறது, எது இல்லை என்று முதலில் பாருங்கள். இல்லாததை அதிலேயே சேருங்கள்.